சேந்தனின் மூன்றாவது முகவரி

"எல்லாருக்கும் குடுத்தீங்க. எனக்கு மட்டும் ஏன் இல்ல?"

சேந்தன் கத்தினார். ஐம்பது வயசு ஆள். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது.

குரு அங்கயற்கண்ணி அம்மா அவரைவிடப் பத்து வயசு சின்னவர். கீரை உருவிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

சேந்தன் கேட்டது ஆசிரமத்துப் பெயரில் ஒரு மெயில் முகவரி. அவ்வளவுதான்.

இதற்கு முன்னால் இரண்டு ஆசிரமம், இரண்டு குரு. இரண்டு இடத்திலும் சண்டை. அவர் வெளியே வந்த அன்றைக்கே அங்கே கொடுத்திருந்த மெயில் முகவரியை மூடிவிட்டார்கள். ஞானிகளாம்! மகள் பூங்குழலி போட்ட மெயிலெல்லாம் அவளுக்கே திரும்பி வந்தது. அப்பா நம்மைத் தலைமுழுகிட்டார் என்று நினைத்தாள்.

இங்கே செல்போனும் கூடாது. போன வாரம் அவளே விசாரித்துத் தேடி வந்தாள். முகத்துக்கு நேராகச் சொன்னாள்:

"இன்னும் ஒரே ஒரு அட்ரஸ் வாங்கிக்கறேன். அதுவும் செத்துச்சுன்னா என்னைத் தேடாதீங்கப்பா."

"மாறாத அட்ரஸ் வேணும்மா," என்றார் சேந்தன் குருவிடம். "இங்கத்தது குடுங்க."

"முடியாது."

"அப்ப நான் கெளம்பறேன்!"

"பாத்தீங்களா? அதான் முடியாது."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்கு நடந்தார். சேந்தனைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். அவர் பெயரிலேயே ஒரு டொமைன், இணையத்தில் ஒரு சொந்தப் பெயர், பதிவு பண்ண வைத்தார்.

"இந்தப் பேரு உங்களுது. மெயில் வந்து விழற பெட்டி மட்டும் ஒரு கம்பெனிகிட்ட வாடகைக்கு. அவன் சரியில்லியா, வேற கம்பெனிக்குத் திருப்பி விடுங்க. மகளுக்கு அதே அட்ரஸ்தான். ஆனா வருஷா வருஷம் பேரைப் புதுப்பிக்கணும். மறந்தீங்க, போச்சு."

"பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும்?"

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

முந்தைய இரண்டு குருக்களும் பாஸ்வேர்டைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டவர்கள்.

சேந்தன் பாஸ்வேர்டை அடித்தார். மகளுக்கு ஒரு வரி அனுப்பினார். அரை மணி நேரம் திரையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

பதில் வந்தது. "சேவ் பண்ணிட்டேன். இதான் கடைசி."

சேந்தனுக்கு அழுகை வந்தது. கோபமும் போகவில்லை.

"இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்னம்மா? என்னமோ நான் நாளைக்கே ஓடிப்போற மாதிரி! உங்களை விட்டு நான் போகவே மாட்டேன்!"

"போகலாம்," என்றார் அம்மா. "மெயில் வரும்."