பெரியம்மாவுக்கு வந்த சிரிப்பு

கோணவாய்ப்பட்டியில் சடையன், காத்தான், பேச்சிமுத்து என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே புத்தி. அதையும் எங்கோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். தாயில்லாத அவர்களை வளர்த்தவள் பெரியம்மா சீனியம்மாள். அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்து கஞ்சிகூட உள்ளே இறங்கவில்லை. பிள்ளைகள் கலங்கிப்போனார்கள்.

வைத்தியர் வந்து பார்த்தார். "கட்டி உடைஞ்சாத்தான் பிழைப்பா. விழுந்து விழுந்து சிரிச்சா உடையும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"முதல்ல விழணும், அப்புறம் சிரிக்கணும்" என்று சடையன் விளக்கினான். கட்டிலை ஒரு பக்கமாகத் தூக்கினார்கள். பெரியம்மா விழுந்தாள். ஏற்றிப் படுக்கவைத்து மறுபடியும் தூக்கினார்கள். முனகல்தான் வந்தது, சிரிப்பு வரவில்லை.

காத்தான் வைத்தியரிடம் ஓடினான்.

"அதெல்லாம் பிடிச்சு இழுத்தா வராதுடா. தானா வரும்" என்றார் அவர்.

வருகிறவரை எதிர்கொண்டு அழைப்பதுதானே மரியாதை? மூவரும் ஊர் எல்லையில் போய் நின்றார்கள்.

"அது எப்படிண்ணே இருக்கும்?" என்றான் பேச்சிமுத்து.

"பல்லு தெரியும்" என்றான் சடையன்.

உப்பு மூட்டை சுமந்து ஒரு கழுதை வந்தது. பல்லைக் காட்டியது. மூவரும் கைகூப்பினார்கள். "வாங்க வாங்க. பெரியம்மா காத்துக்கிட்டிருக்காங்க" என்றான் சடையன்.

பின்னால் வந்த உப்பு வியாபாரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சடையன் முகம் இருண்டது.

"போச்சுடா. பெரியம்மாவுக்கு வந்த சிரிப்பை நடுவழியிலேயே இந்த ஆளு வாங்கிக்கிட்டாரு."

அவரைக் கழுதையும் மூட்டையுமாக வீட்டுக்கு இழுத்துப்போய்க் கட்டில் முன்னால் நிறுத்தினார்கள்.

"உங்களுக்கு என்ன, கட்டியா இருக்கு? எங்க பெரியம்மா செத்துப்போயிரும். குடுத்துடுங்கய்யா" என்று பேச்சிமுத்து அழுதான்.

வியாபாரி வெலவெலத்துப்போனார். "அம்மா, நான் எதையும் எடுக்கலை. வேணும்னா மூட்டையைச் சோதிச்சுப் பாருங்க."

காத்தான் உப்பு மூட்டைக்குள் தலையை விட்டுத் தேடினான். தும்மிக்கொண்டே, மீசையெல்லாம் வெள்ளையாக வெளியே வந்து, "ரொம்ப அடியிலே வச்சிருக்காரு" என்றான்.

பெரியம்மாவுக்கு அடக்க முடியவில்லை. கட்டில் ஆட ஆடச் சிரித்தாள். கட்டி உடைந்தது.

"பாத்தியாண்ணே, அவரு முகத்துல இப்போ சிரிப்பே இல்லை. குடுத்துட்டாரு" என்றான் காத்தான்.

பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டாள். "ஐயோ, சிரிப்பு நிக்க மாட்டேங்குதேடா. நிறுத்துங்கடா."

மூவரும் யோசித்தார்கள்.

"பெரியம்மா படுத்துக் கிடந்தா சிரிப்பு எப்படி நிக்கும்?" என்றான் சடையன்.

தூக்கித் தூணோடு சேர்த்து நிறுத்தினார்கள். அவள் நின்றுகொண்டு இன்னும் பலமாகச் சிரித்தாள்.

பேச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வியாபாரியைப் பார்த்தான்.

"நின்னுருச்சு. நீங்க கிளம்பலாம்."