வெயிலுக்கு எடுத்த பாராட்டு விழா

ஒரு மரவள்ளிக் காட்டில் தேமல் நோய் குடியிருந்தது. அதைக் கொடுக்கும் வைரஸ் எல்லாச் செடிகளுக்குள்ளும் புகுந்திருந்தது. குளிர்காலம் முழுக்க இலைகள் மஞ்சள் திட்டோடு சுருண்டு கிடந்தன. பங்குனியில் வெயில் ஏறியதும் திட்டுகள் மறைந்தன. புதுத் தளிர்கள் பச்சைப்பசேலென்று விரிந்தன.

செடிகள் உடனே வெயிலுக்குப் பாராட்டு விழா எடுத்தன. 'நோய் தீர்த்த வள்ளல்' என்று பட்டமும் கொடுத்தன.

"நான் என்ன செய்தேன்? வழக்கம்போல் காய்ந்தேன்" என்றது வெயில். ஆனால் பட்டத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

வரப்போரப் புங்கமர நிழலில் ஒரு செடி நின்றது. அங்கே சூடு குறைவு. அதன் இலையில் மட்டும் திட்டு மாறவில்லை.

"வைரஸ் எங்கேயும் போகவில்லை. சூடு தாங்காமல் படுத்திருக்கிறது. உங்களுக்குள்ளும்தான்" என்றது அது.

முன்வரிசைச் செடி சிரித்தது. "முதலில் உன் மூஞ்சியைப் பார்!"

"மூஞ்சியில் தெரிந்தால்தான் நோயா?"

"பின்னே? அடுத்த நடவுக்குக் குச்சி வெட்ட வருகிறவர் உள்ளே எட்டியா பார்க்கப்போகிறார்?"

அது சொன்னது சரிதான். விவசாயி சீரங்கன் விதைக்குச்சி வெட்ட வந்தார். பக்கத்தில் உழுது போட்டிருந்த மேட்டுக்காடு முழுவதும் இந்தக் குச்சிகளை நம்பித்தான் கிடந்தது. குச்சி கெட்டால் அடுத்த வெள்ளாமையே போச்சு.

வந்ததும் நிழல் செடியை வேரோடு பிடுங்கினார். "இது நின்னா எல்லாத்துக்கும் ஒட்டும்."

"ஏனுங்க, எல்லாமே ஒரே கட்டுக் குச்சியில நட்டதுதானுங்களே?" என்றாள் மனைவி பெருமாயி. "கார்த்திகையில அத்தனையும் சுருண்டு கெடந்துச்சே!"

"அப்பக் கெடந்துச்சு. இப்பப் பாரு, எண்ணெய் தேச்ச மாதிரி மின்னுது. உனக்குக் கண்ணு தெரியலையா?"

"தெரியறதாலதான் கேக்கறேன்."

"பேசாம குச்சியக் கட்டு."

நிழல் செடியை வரப்பில் போட்டுக் கொளுத்தினார்கள். பீடை ஒழிந்தது என்று மற்றவை இலை தட்டின.

மேட்டுக்காட்டில் குச்சிகள் துளிர்த்து வளர்ந்தன. கார்த்திகைப் பனி இறங்கியது. காடு முழுக்க மஞ்சள் திட்டு.

"எங்கிருந்து வந்தாய்?" என்று செடிகள் அலறின.

"நான் எங்கே வந்தேன்?" என்றது வைரஸ். "உங்களோடுதான் வெட்டுப்பட்டேன், உங்களோடுதான் நடப்பட்டேன். குளிர்ந்தது, எழுந்தேன்."

செடிகள் அவசரக் கூட்டம் போட்டன. பனியைக் கண்டித்து ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

சீரங்கன் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தார். கிழங்கு விரல் தடிமன்கூட இல்லை. "பாழாப்போன பனி" என்று திட்டினார்.

"மேல பெய்யற பனி குச்சிக்குள்ள எப்படிங்க போச்சு?" என்றாள் பெருமாயி. அவர் அண்ணாந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடியும் பங்குனி வந்தது. திட்டுகள் மறைந்தன. வெயிலுக்குப் போன முறையைவிடப் பெரிய பட்டம் கிடைத்தது. மேட்டுக்காட்டு ஓரத்துப் புளியமர நிழலில் மட்டும் ஒரு செடி மஞ்சள் திட்டோடு நின்றது.

சீரங்கன் கத்தியோடு வருவதைக் கண்டதும் எல்லாச் செடிகளும் அந்தப் பக்கம் திரும்பின.

"ஐயா, நோய் அதோ அங்கே இருக்கிறது!"

அந்தக் கூச்சலில் எல்லாவற்றையும்விட உரத்துக் கேட்டது, அவற்றுக்குள் படுத்திருந்த வைரஸின் குரல்.