உள்ளே போகாத அம்மா

இளம்பரிதி எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பான். அழுகிற காட்சியில் நடிப்பவர் ஏன் அழக்கூடாது, பார்க்க வந்தவர்கள் எந்த இடத்தில் இருமத் தொடங்குகிறார்கள், கோபத்தில் இருப்பவன் ஏன் மெதுவாக நடக்கிறான் என்று வாசுகியைத் துளைப்பான். வாசுகி பெரும்பாலும் பதில் சொல்ல மாட்டாள். அன்று காலை அவன் கேட்டது சின்னக் கேள்விதான்.

"அக்கா, கௌசிகா ஏன் வரலை?"

"தெரியலையே. போய்ப் பாரு."

வாசுகிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஊர் ஊராகப் போவாள். அங்கிருக்கும் இளம்பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து அவரவருக்கு நடந்ததைச் சொல்லச் செய்வாள். அதை அவர்களே நாடகமாக்கி, அதே ஊரில் நடிக்க வேண்டும். இதுதான் அவள் வேலை. இளம்பரிதி பொறியியல் வேலையை விட்டுவிட்டு அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவன். இந்த முறை வேதாரண்யத்துக்குத் தெற்கே, உப்பளங்களை ஒட்டிய புதுக்கரையில் தங்கியிருந்தார்கள். புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் ஒத்திகை, அதன் முன்னாலிருந்த திடலில் நாடகம். நாடகத்தை எழுதி அமைக்கும் பொறுப்பை வாசுகி முதல்முறையாக அவனிடம் விட்டிருந்தாள்.

பிள்ளைகள் சொன்ன கதைகளில் அவன் எடுத்துக்கொண்டது கௌசிகாவுடையது. பத்தாம் வகுப்பு முடித்ததும் அவள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவள். அண்ணன் விபத்தில் அடிபட்டுக் கிடந்ததால் போக வேண்டியதாயிற்று. அவன் தேறி எழுந்ததும் திரும்பி வந்தாள். மேலே படிக்க ஆசை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போனாள். அம்மா வாசலில் நின்றுகொண்டாள். இவள் மட்டும் உள்ளே போய்த் தலைமையாசிரியரைப் பார்த்தாள். வயசு கூடிப்போச்சு, இடமும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். வெளியே வந்தாள். இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்று அன்றைக்கு வட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"ஒன்னும் சொல்லல. வர்ற வழியில, சீசன் முடிஞ்சும் இது மட்டும் போகாம நிக்குது பாருன்னு ஒரு பூநாரையக் காட்டுச்சு."

இளம்பரிதி அந்தப் பூநாரையை விட்டுவிட்டான். கதைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று அவனுக்குப் படவில்லை. வாசலில் நின்ற அம்மாவையும் அவனால் அப்படியே விட முடியவில்லை. நாடகத்தில் அவளை உள்ளே போக வைத்தான். அவள் தலைமையாசிரியரின் மேசைக்கு முன்னால் நின்று, உப்பளத்தில் காய்த்துப்போன கைகளை விரித்துக் காட்டி, என் பிள்ளைக்கு இந்தக் கை வர வேண்டாம் என்று பேசினாள். கடைசியில் அவர் எழுந்து நின்று இடம் கொடுத்தார். மகளாகக் கௌசிகாவே நடித்தாள். அம்மாவாக நடித்தது சௌமியா.

திடல் நிறையக் கூட்டம். சௌமியா கைகளை விரித்தபோது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முடிந்ததும் கைதட்டல் ஓய நேரமாயிற்று. எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். கௌசிகாவின் அம்மா செண்பகமும் வந்திருந்தாள். எப்போது எழுந்து போனாள் என்பதை யாரும் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து கௌசிகா வரவில்லை.

இளம்பரிதி அவள் வீட்டுக்குப் போனான். செண்பகம் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். வாங்க தம்பி என்றாள், குடத்தை வைத்துவிட்டு டீ போட எழுந்தாள். முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. கௌசிகாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னாள். அப்போது குழாயடியில் நின்ற ஒரு பெண் சிரித்தபடி செண்பகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நாடகத்துல என்னா பேச்சு பேசுன நீ. நெசத்துல ஒரு வார்த்தை பேசியிருந்தா புள்ளைக்கு இடம் கெடைச்சிருக்கும்ல?"

செண்பகமும் சிரித்தாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். டீ வரவில்லை.

இளம்பரிதி திரும்பி வந்து நடந்ததை வாசுகியிடம் சொன்னான். அவனுக்கு அது பிடிபடவில்லை. அந்த அம்மாவைத் தாழ்த்தி அவன் ஒரு வரியும் எழுதவில்லை. உயர்த்தித்தான் காட்டியிருந்தான். பார்த்தவர்கள் எல்லாரும் அவளுக்காகத்தானே அழுதார்கள். குழாயடியில் அந்தப் பெண் பேசியது தப்பு. அதற்கு நாடகம் என்ன செய்யும்?

"நான் அவங்களப் பெரிய ஆளாத்தானக்கா காட்டினேன். இதுல அவங்களுக்கு என்ன வருத்தம்?"

வாசுகி அவனைப் பார்த்தாள். நாளைக்கு ஒத்திகைக்கு நீ சும்மா வந்து உட்கார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

மறுநாள் பிள்ளைகளைத் தனியே அழைத்துக்கொண்டு போய் ஏதோ பேசிவிட்டு வந்தாள். பிறகு இளம்பரிதியை எதிரே உட்காரச் சொல்லி, பிள்ளைகளை ஆரம்பிக்கச் சொன்னாள்.

அது அவனுடைய கதை. பிள்ளைகள் வாய் திறக்கத் தயங்கிய முதல் நாளில் அவன்தான் தன் கதையைச் சொல்லித் தொடங்கி வைத்திருந்தான். வேலையை விட்டதிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை. ஒருமுறை சொந்த ஊரில் நாடகம் நடந்தபோது வந்து கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்தார். முடிந்ததும் அருகில் வந்தார். அங்க சாப்பாடெல்லாம் எப்படி என்று கேட்டார். நல்லா இருக்கும்பா என்றான். சரி என்று பஸ் ஏறப் போய்விட்டார். அந்த மழைக்காலத்திலேயே மாரடைப்பில் இறந்துபோனார்.

பிள்ளைகள் இதைத்தான் நடித்தார்கள். முகிலன் அப்பா. கூட்டத்தின் பின்னாலிருந்து வந்தான். வந்தவன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. மகனைக் கட்டிக்கொண்டான்.

"நீ போனது நல்ல வழிதான்ப்பா. நான்தான் புரிஞ்சுக்கல. என்னை மன்னிச்சிடு."

மகன் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நன்றாகவே நடித்தார்கள். சௌமியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இளம்பரிதி கைதட்டவில்லை.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் வாசுகி.

"நல்லாத்தான் செஞ்சாங்க."

"உங்கப்பாவப் பெரிய ஆளாத்தான் காட்டியிருக்கோம்."

இளம்பரிதி முகிலனைப் பார்த்தான். முகிலன் பயந்துபோய் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இவர் நல்லவர்தான்க்கா. ஆனா இவர் யாருன்னு எனக்குத் தெரியல. எங்கப்பா சாப்பாடு எப்படின்னு கேட்டாரு. அது எங்க போச்சு?"

வாசுகி பக்கத்திலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து அவனிடம் நீட்டினாள். பிள்ளைகளைச் சாப்பிடப் போகச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அவன் மறுபடியும் செண்பகத்தின் வீட்டுக்குப் போனான். மன்னிப்புக் கேட்க நினைத்துத்தான் போனான். ஆனால் அவளுக்கும் கௌசிகாவுக்கும் முன்னால் உட்கார்ந்ததும் வேறொன்று கேட்கத் தோன்றியது. அன்னைக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்ததை இன்னொரு தடவை சொல்வாயா என்று கௌசிகாவைக் கேட்டான். அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், முதலில் சொன்னது போலவே, பூநாரை வரைக்கும். அவன் குறுக்கே எதுவும் கேட்கவில்லை. செண்பகம் அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதையா போடப் போறீங்க?" என்றாள்.

"போடலாமான்னு உங்களைக் கேக்கத்தான் வந்தேன்மா."

"இதுல ஒன்னும் நடக்கலையே தம்பி."

"ஆமா."

செண்பகம் களைந்த தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு வந்தாள்.

"அளத்துலேருந்து அப்படியே வந்தேன். சீலையெல்லாம் உப்பு. இவ உள்ள போனதும் நானும் போகலாம்னு செருப்பக் கழட்டினேன். கழட்டிட்டு நின்னுட்டேன். அவ்ளோதான். போடுறதுன்னா அதையும் போடுங்க."

கௌசிகா தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். அது அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அதே திடலில் மறுபடியும் நாடகம். மாற்றிப் போடுகிறோம் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார்கள். முதல் தடவை வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் வந்தார்கள். வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கிவிட்டார்கள். செண்பகம் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மகளாக நடித்த கௌசிகா உள்ளே போனாள். சௌமியா வாசலில் செருப்பைக் கழற்றினாள். வெறுங்காலோடு நின்றாள். ஓர் அடி எடுத்து வைப்பது போல் குதிகாலைத் தூக்கினாள், வைக்கவில்லை. உள்ளே தலைமையாசிரியரின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. மகள் வெளியே வந்தாள். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள். இருவரும் திடலைச் சுற்றி நடந்தார்கள். பாதி வழியில் அம்மா கையை நீட்டினாள்.

"அங்க பாரு. எல்லாம் போயிருச்சு. இது மட்டும் போகாம நிக்குது."

மகள் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் நடந்தார்கள். நாடகம் முடிந்தது.

யாரும் கைதட்டவில்லை. இளம்பரிதி வாசுகியைப் பார்த்தான். அவள் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் வணக்கம் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள்.

முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்.

"அப்புறம்?"

"அவ்ளோதான் பெரியம்மா," என்றாள் சௌமியா.

"என்னாடி அவ்ளோதான். அந்தப் புள்ள படிக்குதா இல்லையா?"

சௌமியா கௌசிகாவைப் பார்த்தாள். கௌசிகா இல்லை என்று தலையாட்டினாள்.

செருப்பைக் கழற்றியவள் ஏன் உள்ளே போகவில்லை என்று ஓர் ஆண் கேட்டார். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. குழாயடியில் சிரித்த அதே பெண்தான்.

"நான்கூட அப்படித்தான் நின்னேன், எம் மவனுக்கு டீசி வாங்கப் போனப்ப. உள்ள போகல. எங்க வீட்டுக்காரர் வந்துதான் வாங்குனாரு."

அதன் பிறகு பேச்சு ஆளுக்கு ஆள் பரவியது. ஒருத்தி ஆஸ்பத்திரி வாசலில் நின்றதைச் சொன்னாள். இன்னொருத்தியின் மகளுக்கும் அதே பள்ளியில் இதே பதில் கிடைத்திருந்தது. இதுவரை அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. நடித்த பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருட்டத் தொடங்கியபோது, திங்கட்கிழமை யாரெல்லாம் வருகிறீர்கள் என்று யாரோ கேட்டார்கள்.

திங்கட்கிழமை புதுக்கரைப் பெண்கள் ஒரு கூட்டமாகப் பள்ளிக்குப் போனார்கள். வாசுகியையும் இளம்பரிதியையும் அவர்கள் கூப்பிடவில்லை. தலைமையாசிரியர் முதலில் பழைய பதிலையே சொன்னாராம். பிறகு எல்லாரையும் உட்காரச் சொல்லியிருக்கிறார். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பியிருக்கிறார். பெண்கள் அடுத்த வாரமும் போனார்கள். ஆடி பிறப்பதற்குள் கௌசிகாவுக்கும் அந்த இன்னொரு பெண்ணுக்கும் பதினொன்றாம் வகுப்பில் இடம் கிடைத்தது.

செண்பகம் அங்கே என்ன பேசினாள் என்று இளம்பரிதி பலரிடம் விசாரித்துப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை என்றார்கள். மற்றவர்களோடு உள்ளே போய், கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தாளாம்.

புதுக்கரையை விட்டுக் கிளம்பும் நாளில் செண்பகம் ஒரு பையில் கருவாடு கட்டிக் கொடுத்தாள். கௌசிகா பள்ளிக்குப் போயிருந்தாள். நாடகத்தைப் பக்கத்து ஊர்களிலும் போட வேண்டுமென்று மற்ற பிள்ளைகள் வேனில் கூடவே வந்தார்கள். இளம்பரிதி வாசுகிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வேன் உப்பளங்களைத் தாண்டியது. ஊரார் சொல்லக் கேட்டதிலிருந்து அவன் மனதில் ஒரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் கூட்டமாகப் பள்ளிக்குள் நுழைவது, நாற்காலி போதாமல் தரையில் உட்காருவது, செண்பகம் பேசாமல் இருப்பது. அவன் முதலில் எழுதியதைவிட இது எவ்வளவோ நன்றாக இருந்தது. இதில் ஒரு வார்த்தைகூட அவனாகச் சேர்த்தது இல்லை.

"அக்கா, ஒன்னு கேக்கவா?"

"கேளு."

"இப்போ நெசமாவே இடம் கெடைச்சிருச்சு. எல்லாரும் போனதும் நெசம். செண்பகம் அம்மாகிட்டயும் கேட்டுட்டேன், போட்டுக்கங்கன்னுட்டாங்க. இதையும் கடைசியில சேத்துக்கலாமா?"

வாசுகி அவன் பக்கம் திரும்பினாள்.

"சேத்துக்கலாம். ஆனா அதையும் நாமளே நடிச்சுட்டா, அடுத்த ஊர்ல இருக்குறவங்க செய்யுறதுக்கு என்ன மிச்சம் இருக்கும்?"