புரட்டிப் பாத்த நண்டு

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, கடலுக்குப் பேசத் தெரிஞ்ச காலத்துல, சங்குத்தீவுன்னு ஒரு ராஜ்ஜியம் இருந்துச்சு. அங்க நண்டு பிடிச்சுப் பொழைக்கிற செங்கமலத்துக்கு இருந்த ஒரே சொந்தம் தங்கச்சி பூங்கோதை. கல்யாண வயசுப் பொண்ணு.

மந்திரவாதி கூகைக்கண்ணன் வந்து, "என்னயக் கட்டிக்கிறியா?"ன்னான்.

"ஒன் மூஞ்சிக்கு நானா? போய்யா!"ன்னா பூங்கோதை.

"அப்ப நண்டாப் போ!"

அவ்ளோதான். ஆளையே காணோம்! செங்கமலம் அலறிக்கிட்டு ஓடி வந்தா. அவன் பாறைக்குழியக் காட்டுனான். உள்ள நண்டு மேல நண்டு.

"தண்ணி ஏறுறதுக்குள்ள அவளக் கண்டுபிடிச்சுப் பேர் சொல்லிக் கூப்பிடு. ஒரே தடவதான். தப்பாக் கூப்பிட்டா ஆயுசுக்கும் அவ நண்டுதான்."

செங்கமலம் இறங்குனா. காலச் சுத்தி ஒரு பொடி நண்டு ஓடுச்சு. "போ குஞ்சு, வழிய விடு"ன்னு தூக்கி வீசுனா.

செக்கச்செவேல்னு ஒண்ணு கெடச்சுச்சு. முதுகப் பாத்தா, கொடுக்கப் பாத்தா, புரட்டி வயித்தப் பாத்தா. வயித்து மூடி ஒடுக்கமா, கூரா இருந்துச்சு. ஆண் நண்டு!

தண்ணி கணுக்காலுக்கு வந்துச்சு. பொடி நண்டு மறுபடி வந்துச்சு. மறுபடி வீசுனா.

பெருசா ஒண்ணு. முதுகப் பாத்தா, கொடுக்கப் பாத்தா, புரட்டி வயித்தப் பாத்தா. உள்ள ஒண்ணுமில்ல. உரிச்சுப் போட்ட வெறும் ஓடு!

தண்ணி முழங்காலுக்கு வந்துச்சு. செங்கமலத்துக்கு அழுகை முட்டுச்சு. அந்தப் பொடி நண்டு பாறையப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. புளியங்கொட்ட அளவுதான். கையில எடுத்தா.

"அது குஞ்சு. கடல்ல போடு!"ன்னு கூகைக்கண்ணன் அவசரமாக் கத்துனான்.

முதுகப் பாத்தா. கொடுக்கப் பாத்தா. புரட்டி வயித்தப் பாத்தா.

மூடி வட்டமா, அகலமா, வயித்தையே மறைச்சுக்கிட்டு இருந்துச்சு.

"குஞ்சுக்கு மூடி இவ்ளோ அகலமா வராதுய்யா"ன்னா செங்கமலம். "உருவந்தான் சின்னது. இது வளந்த பொண்ணு." குனிஞ்சு மெதுவாக் கூப்பிட்டா. "பூங்கோதை."

நண்டு இருந்த கையில தங்கச்சியோட கை இருந்துச்சு! மந்திரம் முறிஞ்சு கூகைக்கண்ணன் நுரையாக் கரைஞ்சு அலையோட போனான்.

ரெண்டு பேரும் கரையேறுனாங்க.

"ரெண்டு தடவ வீசிட்டியேக்கா"ன்னா பூங்கோதை.

"ரெண்டு தடவயும் வந்தியேடி"ன்னு கட்டிக்கிட்டா செங்கமலம்.

அன்னையிலேர்ந்து சங்குத்தீவுல எவ்ளோ பொடி நண்டா இருந்தாலும் சரி, புரட்டிப் பாக்காம யாரும் வீசுனதில்ல.