ஒரு பணத்தில் ஆகாயத் தேர்

முன்னொரு காலத்தில் நாரைமலை நாட்டைச் சிகரவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. யார் புகழ்ந்தாலும் உச்சி குளிர்ந்துவிடும். மலைமேலிருந்து சமவெளிக்குப் போக அவனிடம் எண்பது நாரைகள் இழுக்கும் ஆகாயத் தேர் ஒன்று இருந்தது. குடிமக்களும் அதில் போகலாம், ஆளுக்குப் பத்துப் பணம்.

பொக்கிஷ அதிகாரி தனபூபதிக்கு மந்திரி இளங்கண்ணனாரைக் கண்டாலே ஆகாது. அவரை மிஞ்ச ஒரு வழி கண்டுபிடித்தான். “இனி ஆகாயத் தேரில் போக ஒரே பணம்!” என்று ஊரெங்கும் பறை அடிக்க வைத்தான். ஜனங்கள் ராஜாவை வாழ்த்தினார்கள். ராஜா பூரித்துப்போய்த் தனபூபதிக்கு முத்துமாலை போட்டான். இனி மூட்டைக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதை மட்டும் பறையும் சொல்லவில்லை, தனபூபதியும் வாய் திறக்கவில்லை.

மந்திரி சபையில் எழுந்தார். “மகாராஜா, ஒரு பணத்தில் யாரும் ஊர் போய்ச் சேர்வதாகத் தெரியவில்லையே.”

“வயிற்றெரிச்சல், மகாராஜா! வேறென்ன?” என்றான் தனபூபதி.

“நாளைக்குத் தங்கள் தங்கை மகனுக்குக் காதுகுத்து. சாதாரண ஆள் வேஷத்தில், தாய்மாமன் சீரோடு தேரில் போய்ப் பாருங்கள். பழைய கட்டணமான பத்துப் பணம் மட்டும் கையில் இருக்கட்டும். அதில் ஒரு பணம் மிஞ்சினாலும் என் பதவியை விட்டுவிடுகிறேன்.”

“ஒன்றா? ஒன்பது மிஞ்சும்!” என்று தனபூபதி துள்ளினான். மூட்டை நிறுக்கும் எடைத்தட்டு இருப்பதையே அந்த நேரத்தில் மறந்துவிட்டான் பாவி. பந்தயம் என்றால் ராஜாவுக்குச் சர்க்கரைப் பொங்கல். உடனே சம்மதித்தான்.

மறுநாள் மூவரும் வியாபாரிகள் போல உடுத்திக்கொண்டு தேரடிக்குப் போனார்கள். ராஜா கம்பீரமாக ஒரு பணத்தை நீட்டினான். எடைக்காரன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அது ஆளுக்கு. தலைப்பாகை கனமா இருக்கே, அதுக்கு ஒரு பணம். சீர்த்தட்டு ஒண்ணுக்கு ரெண்டு.”

“சீருக்குமா?”

“தட்டு தானா பறக்குமா, அண்ணாச்சி? நாரைதானே இழுக்குது?”

நாலு தட்டு ஏறியதும் ராஜாவின் கை காலி. குழந்தையின் தங்கக் கடுக்கன் இருந்த ஐந்தாவது தட்டு தரையிலேயே கிடந்தது. தனபூபதி மெல்லத் தன் மடியைத் தடவினான். “பந்தயம் பத்துப் பணம்தான்” என்று மந்திரி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

ராஜாவுக்கு முகம் சிவந்தது. கத்தப் போன நேரத்தில், பின்னால் ஒருவன் விசும்புவது கேட்டது. திரும்பினான். மாடக்கண்ணு என்ற மரம்வெட்டி, இரண்டு மூட்டையோடும் ஒரு கிடாயோடும் நின்றுகொண்டிருந்தான்.

“ஏன்யா அழுகிறாய்?”

“எந்தங்கச்சி மவளுக்கும் இன்னைக்குத்தான் காதுகுத்து, சாமி. ஒரு பணம்னு பறை அடிச்சாங்க. அதை நம்பி மிச்சத்துக்கெல்லாம் சீர் வாங்கிட்டேன். இப்போ மூட்டைக்கு ஏழு பணம் கேக்குறாங்க.”

“மூட்டையை வைத்துவிட்டுப் போயேன்.”

“வெறுங்கையோட போனா, சம்பந்தி வீட்டுல எந்தங்கச்சி தலை நிமிர முடியுமா?”

“சரி, சீரை மட்டும் அனுப்பிவிடு.”

“நல்லாச் சொன்னீங்க! மூட்டை மடியிலயா புள்ளைய உக்கார வெச்சுக் காது குத்துவாங்க? தாய்மாமன் மடி வேண்டாமா?”

ராஜா தரையில் கிடந்த தன் தட்டைப் பார்த்தான். தான் ஒரு சத்தம் போட்டால் ஐந்தாவது தட்டு தேரில் ஏறிவிடும்; இவன் தொண்டை கிழியக் கத்தினாலும் ஏறாது. அது உறைத்ததும் தலைப்பாகையைக் கழற்றினான். எடைக்காரன் அடையாளம் கண்டு தடாலென்று காலில் விழுந்தான்.

“எழுந்திரு. என் பெயரால் பறை அடித்தது ஒரு பணம். அதை நம்பி வந்தவர்களிடம் ஒரு பணத்துக்கு மேல் தொடாதே. அதிகமாக வாங்கியதைத் திருப்பிக் கொடு. நாளை முதல் மூட்டையும் சேர்த்து ஐந்து பணம். அதையும் பறையில் முழுசாகச் சொல்லு!”

தேரில் இடம் நெருக்கடி. ராஜா தனபூபதியைப் பார்த்தான். “மாலையைக் கழற்றி மந்திரியிடம் கொடு. உன் இடத்தில் இவன் கிடாய் நிற்கட்டும். நீ மலைப்பாதையில் நடந்து வா.”

“மகாராஜா, பன்னிரண்டு காத தூரம்!”

“நடைக்குக் கட்டணமே இல்லையப்பா” என்றார் மந்திரி, மாலையை வாங்கிக்கொண்டே.

தேர் மேலே எழும்பியது. மாடக்கண்ணு மூட்டைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான்.

“என்னப்பா, நிம்மதியா?” என்று ராஜா கேட்டான்.

“ஆமாஞ் சாமி. விடியக்காலையிலேருந்து வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நின்னேன். நல்லவேளை, அதை மட்டும் அந்த ஆளு எடை போடல. போட்டிருந்தா, அதுக்குப் பணம் கட்ட உங்க பொக்கிஷமே பத்தியிருக்காது!”

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். சமவெளியில் இரண்டு வீட்டிலும், நல்ல நேரம் தப்பாமல், தாய்மாமன் மடியில் உட்கார்ந்து குழந்தைகள் வீறிட்டு அழுதன.