ஏழாம் கட்டில்

என் குருவுக்கு என்னைவிடப் பதினாலு வயது குறைவு. இதைச் சொன்னால் என் மருமகன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். நாலு நாள் அவனை ஆஸ்பத்திரியில் ட்ராலி தள்ள விட்டால் வாயை மூடிக்கொள்வான்.

பேர் ஹெப்சிபா. எங்கள் ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில், ஆண்கள் சர்ஜரி வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர். அப்போது அந்தம்மாவுக்கு இருபத்தேழு, எனக்கு நாற்பத்தொன்று. நான் வேலை பார்த்த மில்லைப் பூட்டிவிட்டார்கள். ரெண்டு பொம்பளைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். கிடைத்தது வார்டு அட்டெண்டர் வேலை. ஆறு மாதம் புகார் இல்லாமல் பார்த்தால் வேலை நிரந்தரம். புகார் வந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

மில்லில் இருபது வருஷம் இருந்தேன். ஒரு நாள்கூட அது கனவில் வந்ததில்லை. வார்டு வருகிறது. டெட்டால் வாசம் வருகிறது. தூக்குவாளியோடு வாசலில் நின்று, "உள்ள விடுங்க அண்ணாச்சி, கஞ்சி ஆறிரும்" என்று கெஞ்சுகிற பெண்கள் வருகிறார்கள். எழுந்து உட்கார்ந்தால் மனசு என்னமோ பண்ணுகிறது. அவ்வளவு ஆசையாக இருந்திருக்கிறேன் அந்த இடத்தில்.

வார்டில் கட்டில் இருபத்திரண்டு. ஃபேன் எட்டு. அதனால் ஆட்கள் தங்களுக்குள் பேசிவைத்துக் கட்டிலை மாற்றிக்கொள்வார்கள். "நேத்து பூரா நீரு காத்து வாங்கினீரு, இன்னைக்கு நான்." சிஸ்டர் கண்ணில் பட்டால் சத்தம் போடுவார். அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி மாறிவிடும். கேஸ் ஷீட் மட்டும் அந்தந்தக் கட்டிலில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆளோடு அது போகாது.

நான் சேர்ந்து ஐந்தாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆப்பரேஷன் தியேட்டரிலிருந்து போன் வந்தது. ஏழாம் கட்டில், பிச்சையா, குடலிறக்கம், உடனே அனுப்பவும்.

ஏழாம் கட்டிலில் ஒருத்தர் ஃபேனைப் பார்த்தபடி படுத்திருந்தார். ஷீட்டைப் பார்த்தேன். பிச்சையா என்று இருந்தது.

"என்ன, பிச்சையாதானே?"

"ஆமாய்யா."

"வெறும் வயிறுதானே?"

"ஆமாய்யா."

பச்சை அங்கியை மாட்டிவிட்டேன். தூக்கி ட்ராலியில் படுக்க வைத்தேன். தள்ளிக்கொண்டு போய் தியேட்டருக்குள் விட்டுவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டேன்.

அந்த நேரம் வார்டில் இன்னொருத்தர் ஹெப்சிபா சிஸ்டரிடம் போய், "எனக்கு இன்னைக்கு ஆப்பரேஷன் இல்லையாம்மா? பசி உயிர் போகுது. ரெண்டு இட்லி திங்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

அவர்தான் பிச்சையா.

சிஸ்டர் ஓடின ஓட்டத்தில் ஒரு செருப்பு வராந்தாவிலேயே கிடந்தது. அவர் போய்ச் சேர்ந்தபோது மயக்க டாக்டர் ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். ட்ராலியில் கிடந்தவர் பேர் வேலாண்டி. காலில் புண்ணுக்காக வந்தவர். ஃபேனுக்காகக் கட்டில் மாறினவர். காலையில் அஞ்சு இட்லி சாப்பிட்டிருந்தார். அந்த வயிற்றோடு மயக்கம் கொடுத்திருந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். பிழைத்தாலும் வயிற்றைக் கிழித்திருப்பார்கள்.

மறுநாள் மெமோ வந்தது. இரண்டு நாளில் விளக்கம் எழுதித் தரவேண்டும்.

ராத்திரி பூரா யோசித்து எழுதினேன். "நோயாளியின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவர் ஆம் என்றார். வெறும் வயிறா என்று கேட்டேன். அதற்கும் ஆம் என்றார். ஆகவே தவறு என்னுடையது அல்ல."

காலையில் சிஸ்டரிடம் காட்டினேன்.

"எல்லாம் நடந்ததுதானே சிஸ்டர்? பொய் ஒண்ணும் இல்லையே?"

"பொய் இல்ல அண்ணாச்சி."

"அப்ப கொடுத்துரவா? வேலை தப்பிச்சிரும்லா?"

"தப்பிச்சாலும் தப்பிக்கும்."

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "சிஸ்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கேன். தன் பேரு இல்லன்னு ஒரு மனுஷனுக்குச் சொல்லத் தெரியாதா? ஏன் ஆமான்னு சொன்னாரு? கூறு கெட்ட மனுஷனா?"

சிஸ்டர் மூலையில் நின்ற ட்ராலியை இழுத்து வந்தார்.

"சட்டையைக் கழற்றுங்க அண்ணாச்சி."

"எதுக்கு?"

"கழற்றுங்க."

அங்கியைக் கொடுத்தார். பின்பக்கம் நாடா மட்டும்தான். முதுகு முழுக்கக் காற்று. அதை நூறு பேருக்கு மாட்டிவிட்டிருக்கிறேன். நான் மாட்டிக்கொண்டது அன்றைக்குத்தான். ஏறிப் படுத்தேன். கழுத்துவரை போர்வையைப் போர்த்திவிட்டுத் தள்ள ஆரம்பித்தார்.

தினமும் இருபது தடவை நடக்கிற வராந்தாதான். ஆனால் நான் பார்த்தது வேறே ஏதோ இடம். விட்டத்துக் கறை, பல்பு, மறுபடி கறை. எங்கே திரும்புகிறோம் என்று தெரியவில்லை. எந்தக் கதவு திறக்கிறது என்று தெரியவில்லை. சக்கரம் தரை மேட்டில் ஏறினபோது பல்லோடு பல் இடித்தது. அந்த மேட்டில் எத்தனை பேரை வேகமாகத் தள்ளியிருக்கிறேன்!

எதிரில் தாவீது வந்தான். பக்கத்து வார்டு அட்டெண்டர். அஞ்சு மாதமாக என்னோடு ஒரே பெஞ்சில் டீ குடிக்கிறவன். ட்ராலி கம்பியில் கையை ஊன்றி, என் நெஞ்சுக்கு மேலே குனிந்து நின்று, சிஸ்டரோடு ஞாயிற்றுக்கிழமை டியூட்டியை மாற்றுவதைப் பற்றிப் பேசினான். பேசிவிட்டுப் போய்விட்டான். என் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

தியேட்டர் வாசலில் ட்ராலி நின்றது. முகமூடி போட்ட ஒரு சிஸ்டர் வந்தார். கண் மட்டும் தெரிந்தது. கையில் அன்றைய ஆப்பரேஷன் லிஸ்ட், பேனா. அவசரம்.

"காலையில மாத்திரை சாப்பிட்டாச்சா?"

"ஆமா சிஸ்டர்."

நான் எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை.

"செல்லத்துரைதானே?"

"ஆமா சிஸ்டர்."

என் பேர் மாசிலாமணி.

முகமூடி சிஸ்டர் உள்ளே போய்விட்டார். ஹெப்சிபா சிஸ்டர் ட்ராலியைத் திருப்பினார். வழியெல்லாம் என் கண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. படுத்துக்கொண்டு அழுதால் அப்படித்தான்.

வார்டுக்கு வந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக வேலாண்டியிடம் போனேன். ஏதாவது சொல்லவேண்டும் என்று நின்றேன். என்னைப் பார்த்ததும் அவர் பதறி எழுந்து உட்கார்ந்தார்.

"மன்னிச்சிருங்கய்யா. என்னாலதான் உங்களுக்குக் கெட்ட பேரு. நீங்க பெரிய ஆளு கேக்கீக, எப்படி இல்லன்னு சொல்ல?"

பெரிய ஆளு! காக்கிச் சட்டை போட்டு ட்ராலி தள்ளுகிறவன் நான்.

எழுதினதைக் கிழித்துப் போட்டேன். வேறே எழுதினேன். மூன்றே வரி. "அவர் பெயரை நான் கேட்கவில்லை. நானே ஒரு பெயரைச் சொன்னேன். தவறு என்னுடையது."

சிஸ்டர் அதைப் படித்தார். என்னோடு சூப்பிரண்டு டாக்டர் அறைக்கு வந்தார். அவர் வரவேண்டிய அவசியமே இல்லை. டியூட்டி முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

வேலை போகவில்லை. பதினைந்து நாள் சஸ்பெண்ட், அதோடு இன்னும் ஆறு மாதம் கழித்துத்தான் நிரந்தரம் என்றார்கள். அப்புறம் பதினெட்டு வருஷம் அங்கே இருந்தேன். "உங்க பேரு என்ன? அப்பா பேரு என்ன?" என்று எத்தனை ஆயிரம் பேரைக் கேட்டிருப்பேனோ! இப்போது கையில் பட்டை கட்டி, மிஷினால் படித்துக்கொள்கிறார்களாம். நல்லதுதான். ஆனாலும் ஒரு ஆள் தன் பேரையும் அப்பன் பேரையும் ஊரையும் சொல்லி, கேட்காமலே பிள்ளைகள் பேரையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நிற்கிற சுகம் மிஷினுக்குத் தெரியாது.

சூப்பிரண்டு டாக்டர் நல்ல மனுஷன்தான். அன்றைக்கு என் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு என்னைக் காப்பாற்ற ஆசை இருந்தது, எனக்குத் தெரிந்தது.

"மாசிலாமணி, அந்தப் பேஷன்ட்கிட்ட நானே விசாரிச்சேன். ஆமான்னு சொன்னதா அவரே ஒத்துக்கிட்டாரு. அதை ஏன் நீங்க எழுதல? அந்த ஒரு வரி இருந்தா இந்த சஸ்பெண்டே இல்லையே."

நான் சிஸ்டரைப் பார்த்தேன்.

"அவரு படுத்திருந்தாரு டாக்டர்," என்றார் ஹெப்சிபா சிஸ்டர். "இவரு நின்னுக்கிட்டிருந்தாரு."