படத்தில் இல்லாத நெல்

பொன்னம்பல பூபதி நல்ல ராஜாதான். ஆனால் எதையாவது பார்த்து மனம் மயங்கிவிட்டால் உடனே ஒரு ஆணை போட்டுவிடுவார். ஊர் நடுங்கியது அதற்குத்தான்.

ஒரு கார்த்திகை மாதம் அரசவை மாடத்துச் சன்னலைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எதிரே ஏரி. ஏரிக்குக் கீழே நடுக்கரை கிராமத்து வயல்கள். எங்கு பார்த்தாலும் பச்சை! இடையிடையே வெள்ளைக் கொக்குகள்.

"ஆகா! இது என்றைக்கும் இப்படியே இருக்க வேண்டும்!" என்றார்.

ஓவியர் ஓடி வந்தார். மூன்றே நாளில் சன்னல் அளவுக்கு ஒரு படம் வரைந்து கொடுத்தார். அதை எங்கே மாட்டுவது? ராஜா யோசித்து, அந்தச் சன்னலின் மேலேயே மாட்டச் சொன்னார். வயலை மறைத்துக்கொண்டு வயலின் படம் தொங்கியது. யார் போய் எடுத்துச் சொல்வது?

ஆணைகளை எழுதும் அதிகாரிக்கு ஓலைநாயகம் என்று பெயர். அப்போதைய ஓலைநாயகம் குணபாலர். தான் எழுதிய ஆணைக்குள் எறும்பு நுழையக்கூட ஓட்டை இருக்காது என்று பீற்றிக்கொள்கிற மனிதர். அவர் எழுதினார்:

'நடுக்கரை வயல்வெளி இந்தப் படத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். படத்தில் உள்ள எதையும் யாரும் எடுக்கக் கூடாது. படத்தில் இல்லாத எது அங்கே வந்தாலும் உடனே அப்புறப்படுத்த வேண்டும். மீறுபவர் நாட்டைவிட்டு வெளியேற்றப்படுவார். காட்சியைக் காக்கும் பொறுப்பு ஓலைநாயகத்துடையது.'

தை பிறந்தது. அரசவையில் வேடிக்கையாகப் பேசியே பிழைப்பு நடத்தும் உத்தண்டியின் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நடுக்கரை அங்காயி. கையில் அரிவாள், கண்ணில் நீர்.

"சாமி, கதிரு முத்திப் போச்சுங்க. மானம் வேற இருட்டிக்கிட்டு வருது. ரெண்டு நாள் விட்டா அத்தனையும் சேத்துல சாஞ்சு முளைச்சுப் போயிரும். அறுக்கப் போனாக் காவக்காரன் ஓலையக் காட்டி வெரட்டறானுங்க. வருசம் பூரா எம்புள்ளைங்க எதைத் திங்கும்?"

உத்தண்டிக்கு வேடிக்கை எல்லாம் மறந்துபோனது. "ஓலையில என்ன இருக்குன்னு படிச்சுக் காட்டினானா?"

"காட்டினானுங்க." அங்காயி ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள்.

கேட்டு முடித்ததும் உத்தண்டியின் முகம் மலர்ந்தது. "நாளைக்கு ஊரையே கூட்டிக்கிட்டு அறுப்புக்கு இறங்கு. யார் கேட்டாலும், ராசா ஆணைப்படி வேலை செய்யறோம்னு சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் பொழுது ஏறுவதற்குள் குணபாலர் அரசவைக்குள் மூச்சிரைக்க ஓடி வந்தார். பின்னால் காவலர் பிடித்து வந்த அங்காயி. அவளுக்குப் பின்னால், யாரும் பிடிக்காமலே வந்த உத்தண்டி.

"அரசே! தங்கள் காட்சியை அறுக்கிறார்கள்! தூண்டிவிட்டவர் இதோ!"

ராஜாவின் மீசை துடித்தது. "உத்தண்டி! என் ஆணையை மீறச் சொன்னாயா?"

"மீறவா? நிறைவேற்றச் சொன்னேன் அரசே. படத்தில் இல்லாதது வந்தால் உடனே அப்புறப்படுத்த வேண்டும் என்பது ஆணை. வயலில் மஞ்சளாக ஏதோ வந்திருக்கிறது. படத்தில் அது இருக்கிறதா?"

"மஞ்சளா? என் வயலிலா?"

"படத்தைக் கொஞ்சம் கழற்றச் சொல்லுங்கள்."

கழற்றினார்கள். இரண்டு மாதம் கழித்து அந்தச் சன்னல் திறந்தது. வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம்வரை விளைந்த கதிர், வெயிலில் தகதகவென்று. ராஜா வாயைப் பிளந்தார்.

குணபாலர் விடவில்லை. "அரசே, இவர் ஏமாற்றுகிறார்! அது வேறு ஒன்றுமில்லை. படத்தில் இருக்கும் அதே நெல்தான். பழுத்திருக்கிறது, அவ்வளவுதான்!"

"அதே நெல்லா?" உத்தண்டி பவ்யமாகக் கைகட்டினார். "அப்படியென்றால் படத்தில் இருந்த பச்சை எங்கே போயிற்று? குணபாலரே, தங்கள் காவலில் அல்லவா இருந்தது? காணாமல் போக விட்டவர் நாட்டைவிட்டு..."

குணபாலருக்கு வேர்த்துக் கொட்டியது. "வேறு நெல்! வேறு நெல்தான்! அறுக்கட்டும் அரசே, சீக்கிரம் அறுக்கட்டும்!"

அவையே சிரித்தது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாம் சரி. என் பச்சை எனக்கு வேண்டுமே?"

அங்காயிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "சாமி, அந்தப் பச்சை தானா வந்துச்சுன்னு நெனச்சீங்களா? முழங்கால் சேத்துல நின்னு, குனிஞ்ச முதுகு நிமிராம நாங்க நட்டதுங்க அது. கொக்கு வந்ததுகூட நாங்க உழுததாலதான். இதை அறுத்து விதைநெல் எடுத்தாத்தானுங்களே வாற கார்த்திகைக்கு மறுபடி பச்சை?"

ராஜா சன்னலைப் பார்த்தார். தூரத்தில் மேகம் திரண்டுகொண்டிருந்தது. முதல் தடவையாக அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஆணை ரத்து! அரண்மனைக் காவலர் அத்தனை பேரும் அரிவாளோடு வயலுக்குப் போகட்டும். மழைக்குள் ஒரு கதிர் மிச்சம் இருக்கக் கூடாது. அங்காயி, உங்கள் ஊருக்கு இந்த வருடம் வரி கிடையாது. உத்தண்டி, உனக்கு இந்த முத்துமாலை."

அங்காயி கும்பிட்டுவிட்டு ஓடினாள். ராஜா சன்னலை விட்டு நகரவில்லை. அறுப்பு மும்முரமாக நடந்தது. அறுத்து மிஞ்சிய அரிதாள் மேல் கொக்குகள் இறங்கின. கட்டுச் சுமந்து வரப்பில் வரிசையாக ஆட்கள் போனார்கள்.

"அடடா! இது அதைவிட அழகாக இருக்கிறதே! கூப்பிடு ஓவியரை!" என்றார் ராஜா.

அதைக் கேட்டதுதான் தாமதம், குணபாலர் மடியில் ஓலையை விரித்து, எழுத்தாணியையும் கையில் எடுத்துவிட்டார்.

உத்தண்டி ஒரே தாவாகத் தாவி அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஓவியர் தாராளமாக வரட்டும் அரசே. எழுத்தாணி மட்டும் வேண்டாம்!"